திக்கும் வரை

கார்புரேட்டரின் இரண்டு திருகுகளுக்கும்
பிளாஸ்டிக் தொப்பி போட்டு அனுப்பியிருந்தான் கம்பெனிக்காரன்,
கால் சுற்றுக்கு மேல் திரும்பக் கூடாதாம்.
மர ஆணியைச் சூடாக்கிக் குத்தி இழுத்தேன்.
பால்பல் மாதிரி கையோடு வந்துவிட்டன.

முப்பத்தெட்டு சி.சி. நாலரைக் கிலோ.
பெரிய ரம்பமாக வாங்கிக்கொள்ளேன் வெய்யோ, என்கிறார்
கூஹ்மோ கடைக்காரர். வாங்கலாம்.
போன மார்ச்சில் படகுத்துறைப் பனிக்கட்டியில்
வழுக்கி உடைத்துக்கொண்ட காறையெலும்பு
ஆறு கிலோவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
ஆகவே சின்னதற்கே ரோஷம் ஊட்டுகிறேன்.

சைலன்சரைப் பிரித்தால்
சுண்டுவிரல் நுழையாத ஒரே ஓட்டை.
இத்தனை கத்துகிற பிராணிக்கு
இத்தனூண்டு மூக்கு!
பக்கத்திலேயே எட்டு மில்லியில் இன்னொன்று போட்டேன்.
தீப்பொறி வலையில் மட்டும் கைவைக்கவில்லை.
ஜூலையில் எங்கள் காட்டுப் பாசி
வெடிமருந்துக்குத் தங்கச்சி.

சிலிண்டருக்கு அடியில் இருந்த காகித கேஸ்கெட்டை எடுத்து எறிந்து,
பிளக் துளை வழியே ஈயக்கம்பியை விட்டு
பிஸ்டனால் ஒரு நசுக்கு.
நசுங்கிய நுனியை அளந்தேன்:
அரை மில்லிக்கு ஒரு மயிரிழை கூட.
அந்த மயிரிழைக்காகத்தான் இரண்டு ராத்திரி.
கயிற்றை இழுத்தால் இப்போது
அதுவும் என்னை இழுக்கிறது.

மிச்சம் காது செய்ய வேண்டிய வேலை.

கயானி ஆஸ்பத்திரியில் ஒரு பெண்
என் காதைக் காகிதத்தில் வரைந்து காட்டினாள்:
கொஞ்சதூரம் சமவெளி, பிறகு
ஒரே கிடுகிடு பள்ளம்.
பள்ளத்தின் அடியைப் பென்சிலால் தொட்டு,
"பறவைகள் இங்கே இருக்கின்றன" என்றாள்.
"கொசுக்களும்தானே" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

ஜன்னலோரம் நிற்கிறது பழைய பிஸ்டன்,
புகை போகிற பக்கம் முழுக்க நகக்கீறல்.
சுருதி ஏறவில்லையே, ஏறவில்லையே என்று
திருகை உள்ளே உள்ளே முடுக்கியிருக்கிறேன்;
எனக்கு எட்டாத உயரத்தில்
அது அலறிக்கொண்டிருந்திருக்கிறது,
பெட்ரோலும் அதில் கலந்த எண்ணெயும் போதாமல்,
பதினோரு நிமிஷம்.

பத்தரைக்குத் தபால் வண்டி.
"மார்கெட்டா, ரெண்டு நிமிஷம் காதைக் கொடு."
வண்டியை அணைத்தாள். கம்பளித் தொப்பியை
நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

முழு வேகம். திருகு கொஞ்சம் உள்ளே.
புருவம் உயர்ந்தது.
இன்னும் கொஞ்சம்.
"பாடுது!" என்று கத்தினாள், "கம்பி மாதிரி, அழகா!"

அடிவயிறு ஜில்லிட்டது.
அழகாகப் பாடுகிறதென்றால்
சாகப்போகிறதென்று அர்த்தம்.
சட்டென்று வெளியே திருப்பினேன். இப்போது?
"கெடுத்துட்டீங்க. திக்குது.
தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி."
அங்கேதான், நிறுத்து, அதுதான்
என்று நான் ஏன் குதிக்கிறேனென்று
அவளுக்கு விளங்கவில்லை.

பிர்ச் கட்டையில் பல்லை இறக்கினேன்.
பாரம் ஏறியதும் திக்கல் போயே போச்சு.
மறுபுறம் வந்து விழுந்ததும்
மறுபடி திக்கிற்று, நல்ல பிள்ளையாக.
அவள் கைக்கடிகாரத்தில் பதிமூன்று விநாடி.
போன வாரம் இதே கனத்துக்குப் பத்தொன்பது.

ஆஸ்பத்திரிக் கடிதமொன்றை நீட்டினாள்.
அதைப் பிஸ்டனுக்கு அடியில் செருகிவிட்டு
காதுமூடியை மாட்டப் போனேன்,
இருக்கிற மிச்சத்துக்கு.

நவம்பரில் குளிர் இறங்கினால் காற்று கனக்கும்,
திருகை மறுபடி திருப்பவேண்டும், மறுபடி நீ கேட்டுச் சொல்லவேண்டும்.
இதைச் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

சரளைப் பாதையில் அது வளையும்போது
இடது பின்சக்கர பேரிங் முனகுகிறது.
கீழ்ச் சுருதி.
எனக்கு நன்றாகக் கேட்கிறது.
நாளைக்கு நிறுத்திச் சொல்லவேண்டும்.