தொண்ணூற்றெட்டு

ருஸ்தாவியில் ஜூலை மாதம்.
எங்கள் வீடு எட்டாம் மாடி.
லிஃப்டுக்கு இருபது தெத்ரி காசு போடவேண்டும்,
அதையும் பாதி நாள் விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கும்.

இரவு பதினொன்றுக்கு நானும் சோத்னேயும்
ஒரு பனிக்காட்டில் சந்திப்போம்.
அவன் போலந்தில் ஏதோ ஒரு லாரி நிறுத்தத்தில்
ஓட்டுநர் படுக்கையில் குப்புறக் கிடப்பான்.
நான் இங்கே, வியர்த்த பனியனோடு.
வீட்டுக்கடன், அவன் பல்வலி, அக்டோபரில் வருவானா மாட்டானா,
எல்லாம் பேசி முடிப்பது
ஓநாய்களுக்கு நடுவில்தான்.

திரை மூலையில் ஓர் எண் ஓடவிட்டிருக்கிறேன்.
எண்பத்தாறு.
தொண்ணூற்றொன்று.
தொண்ணூற்றெட்டு.
அதற்குமேல் ஏறாது.
ஏறாமலிருக்க ப்ராசஸர் தன் காலைத் தானே கட்டிக்கொள்ளும்.
என் வில்லாளி ஒரு கால் தூக்கியபடி உறைவாள்.
ஓநாய் உறையாது.

பகலில் என் பிழைப்பே இதுதான் என்றால் சிரிப்பீர்கள்.
அமெரிக்காவில் மோதி, கப்பலேறி வந்த கார்கள்
சந்தையில் வெயில் காயும்.
வாங்க வருகிறவன் கேட்பான்:
"எதெரி, இது கொதிச்ச வண்டியா, பாத்துச் சொல்லு."
மூடியைத் திருகி, மோந்தே சொல்லிவிடுவேன்.
அந்த எதெரி
மூன்று வருடமாய் மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து
அதன் மூக்கைப் பொத்தியிருக்கிறாள்.

சில்லறை வைத்தியம் எல்லாம் செய்தேன்.
மூலைக்கொன்றாய் நான்கு சோடா மூடி: மூன்று டிகிரி.
நொடிக்கு அறுபது சட்டம் போதுமென்று கடிவாளம்: இன்னும் ஆறு.
டர்போவை அணைத்தேன், அம்பு நத்தையானது.
ஒரு ராத்திரி, ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி அடியில் வைத்தேன்.
துண்டு நனைந்தது. நெஞ்சு திக்கென்றது.
எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திறந்தேன்.
பதினோரு திருகாணி,
பன்னிரண்டாவது ரப்பர் காலுக்குள் ஒளிந்திருந்தது.
விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே
கம்பளித் துண்டுபோல் ஒன்று.
சாமணத்தால் இழுத்தேன், முழுசாக வந்தது.
மாவு. என் தலைமுடி.
சோத்னே விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த சிகரெட்டின் சாம்பல்.
கறுப்பு ரோமம், நிறைய.
ஷாவா மார்ச்சில் செத்துப்போனது.
இந்த விசிறியின் வெந்நீர்க் காற்றுக்காகவே
மேசையடியில் படுத்துக் கிடக்கும் நாய்.

குப்பையில் போடவில்லை.
எடுத்து வைக்கவும் இல்லை.
ஜன்னல் விளிம்பில் விட்டுவிட்டுத் திரும்பினேன்,
ம்த்க்வாரி ஆற்றுக் காற்று பார்த்துக்கொண்டது.

பழைய பசை சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
துடைக்க ஸ்பிரிட் இல்லை.
பக்கத்து வீட்டு பாத்ரி கொடுத்த சாச்சாவால் துடைத்தேன்,
சிப்புக்கு ஒரு சொட்டு, எனக்கு ஒரு மடக்கு.
புதுப்பசை ஒரு பருப்பளவு.
திருகாணி ஒன்று மிஞ்சியது.
எப்போதும் ஒன்று மிஞ்சும்.

அன்றிரவு பனிக்காட்டில்
எழுபத்துநான்கு.
வில்லாளி ஓடினாள், மூன்று ஓநாய் விழுந்தது.
அறையில் அப்படி ஓர் அமைதி,
கீழே யாரோ லிஃப்டைத் திட்டுவதுகூடக் கேட்டது.

"எதெரி?"
சொல்லு.
"லைன்ல இருக்கியா?"
இருக்கேனே.
"அந்த இரைச்சல் காணோம். கட்டாயிடுச்சுன்னு நெனச்சேன்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, ஏதோ களவு ஒப்புக்கொள்வதுபோல:
"அதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்குவேன்."

மூன்று வருடமாய் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்.

கடிவாளத்தை அவிழ்த்தேன்.
நிழல், புல், நீரின் பளபளப்பு, எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றினேன்.
எண்பது. எண்பத்தைந்து.
விசிறி மெல்ல எழுந்து, முனகி, பாடத் தொடங்கியது.
அங்கே மைக்கில் அவன் மூச்சு நீள்கிறது.
ஓநாய்கள் வந்து அவனைத் தின்றுகொண்டிருக்கின்றன,
அவனுக்குத் தெரியாது.

எண்பத்தொன்பது.
தொண்ணூறு வரை விடுவேன்.
தொண்ணூற்றிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.