இந்த ஆண்டுப் பதிப்பு

பகலில் புர்க்டோர்ஃப் மருந்துக்கடையில்
காலாவதியான மாத்திரைகளைப் பிதுக்கி
நீலப் பெட்டியில் போடுவது என் வேலை.
இரவில், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்து நிலவறையில்
இன்னொரு மருந்தோடு இருப்பேன்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.
அதை நினைத்து ஒருமுறை
கடையில் தனியாகச் சிரித்துத் தொலைத்தேன்.

சனிக்கிழமை முந்நூறு மீட்டரில் சுட்டுப்
பொறுக்கிவந்த பித்தளைக் கூடுகள்
சோப்புத் தண்ணீரில் கிடக்கின்றன.
மறுபடி நிரப்பலாம்.
எவ்வளவு?

பழம்பொருள் கடையில் நான்கு பிராங்குக்கு எடுத்தது:
பச்சைத் துணி அட்டை, 1974,
உள்ளே பென்சிலில் ஆ. சூர்புகன்.
பக்கத்துக்குப் பக்கம் அவர் கை.
"நல்லது." "மிக நல்லது."
ஓரிடத்தில் வெறும் கேள்விக்குறி.
எண்பத்தொன்பதாம் பக்கத்தைக் காணோம்,
தையலோரம் பல் பல்லாய்க் காகிதம்.
அன்றைக்கு என்ன நடந்ததோ.

ரேட்டோ பியர் நுரையைத் துடைத்தபடி சொன்னான்:
"என் அப்பா அதை வைத்துத்தான்
முப்பது வருடம் சுட்டார்.
ஒன்றும் நடக்கவில்லை."
ஒன்றும் நடக்கவில்லை என்பதை
எந்தத் தராசில் நிறுப்பது, ரேட்டோ?

டப்பாவில் அதே பெயர்தான்,
அதே சிவப்புத்தான்.
ஆலை இரண்டு முறை கைமாறியிருக்கிறது.
அன்று செம்புத் துண்டு எவ்வளவு நசுங்கியது என்று பார்த்து
அழுத்தத்தை ஊகித்தார்கள்.
இன்று குழலிலேயே ஒரு உணரி உட்கார்ந்து
வெடிப்பின் நாடியைப் பிடிக்கிறது.
எண்கள் கீழே இறங்கியிருக்கின்றன.
யாரோ உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இரண்டு பஞ்சாங்கம் இருந்தது.
பெரியப்பாவுக்கு வாக்கியம், அப்பாவுக்குத் திருக்கணிதம்.
சனிப்பெயர்ச்சி எப்போது என்று
இருவரும் ஒரு வாரம் பேசாமல் திரிந்ததுண்டு.
போன வருடத்துப் பஞ்சாங்கத்தில் மட்டும்
இருவருமே கடலை சுற்றினார்கள்.
அதில் கருத்து வேறுபாடு இல்லை.

அகிலேசன் நிலவறைக்கு இறங்குவதில்லை.
ஓகஸ்ட் முதலாம் தேதி வாணவேடிக்கைக்குத்
தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துவிட்டுக்
கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறவன்.
ஏழு வருடத்தில் என் துப்பாக்கியைப் பற்றி
ஒரு கேள்வி கேட்டதில்லை.
குறி தவறாமல் சுட்டதற்குக் கழகம் தந்த கோப்பையில்
கறிவேப்பிலை நட்டு வைத்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் தபால் வண்டி
அவன் பெயருக்கு ஒரு பொதி கொண்டுவந்தது.
எழுபத்தெட்டு பிராங்க். இந்த ஆண்டுப் பதிப்பு.
ஒட்டியிருந்த தாள்கள் விரல் பட்டுப் பிரிய
மை மணத்தது.
மேசையில் தள்ளிவைத்து, வெங்காயம் உரித்தபடி,
"பழசைப் பாத்து மட்டும் செய்யாதை" என்றான்.
கண் வெங்காயத்தில்.

புதன் இரவு.
பக்கத்து அறையில் யாருடையதோ துணி சுழல்கிறது.
சிட்டிகையிலும் சிட்டிகை தூள் தட்டில் விழ
முள் நடுங்கி நிற்கிறது.
கிரெய்ன் என்கிறார்கள் இந்த எடையை,
ஒரு காலத்தில் வாற்கோதுமை மணியாம்.
குன்றிமணிக்குத் தூரத்துச் சொந்தம்.
புத்தகம் சொல்லும் தொடக்க எண்ணில் நிற்கிறேன்.
மேலே போக ஒரு அவசரமும் இல்லை.

சூர்புகனை எறியவில்லை.
பின்னட்டையின் உள்பக்கம் அவர் எழுதியது
நேற்றுத்தான் கண்ணில் பட்டது:
"புதியது வாங்க வேண்டும். அக்டோபர் 1981."
வாங்கினாரா தெரியாது.

கடையிலிருந்து எடுத்துவந்த ஆரஞ்சு ஒட்டுச்சீட்டை
புதுப் புத்தகத்தின் முதுகில் ஒட்டினேன்.
தேதிக்கான கட்டம் இன்னும் காலி.
மேலே பாத்திரம் கழுவும் சத்தம்.
சாப்பிட்டதும் நானே கழுவி வைத்தவை.