இடைவேளைக்கு முன் ஒரு கை

படம் எடுக்க எங்கள் பள்ளியைக் கேட்டு வந்தார்கள்.
போன வருஷம் அடித்த பெயிண்டைப் பார்த்து
முகம் சுளித்தார் கலை இயக்குநர்.
டீத்தண்ணி தெளித்து
இரண்டே நாளில் சுவருக்கு நாற்பது வயசாக்கினார்கள்.
தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்ட வாரம் அது.
தவளைச் சத்தம் ஒலிப்பதிவில் விழுகிறதென்று
ஓர் ஆள் கரையில் நின்று
கல்லெறிந்துகொண்டே இருந்தான்.

கதை இதுதான் என்றார்கள்:
எழுத்து பிடிபடாத ஒரு பையன்,
அவனைப் புரிந்துகொள்கிற ஒரு டீச்சர்.
டீச்சராக நடிக்க வந்த பெண்
சாக்பீஸை எப்படிப் பிடிப்பதென்று என்னைக் கேட்டாள்.
உடைத்துப் பிடிம்மா, முழுசு கீச்சிடும் என்றேன்.
என் சேலையைவிட அவளுடையது கசங்கியிருந்தது;
கசக்குவதற்கென்றே ஒருவர் இருந்தார்.

பையனாக நடிக்க வந்தவன் சென்னைக்காரன்.
நான்கு பக்க வசனத்தைக் காரிலேயே படித்து முடித்தவன்.
அவனுக்குத் தப்பாக எழுத வரவில்லை.
'மண்' என்று சிலேட்டில் கோணலாக எழுத வேண்டும்.
எழுதினான். கோணலிலும் ஓர் அளவு இருந்தது.
ஒன்பது முறை அழித்தார்கள்.
வெயில் இறங்குது சார் என்று
கேமராக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்காக மூன்றாம் பெஞ்சில் உட்கார்த்திவைத்த
பண்ணாரியின் நோட்டை
உதவி இயக்குநர் பெண் அப்போதுதான் பார்த்தாள்.

பண்ணாரி. நாலாம் வகுப்பு.
அம்மா மஞ்சள் வேகவைக்கும் களத்தில்.
லீவு நாளில் இவனும் போவான்,
நகக்கண்ணில் வருஷம் முழுக்க மஞ்சள்.
வகுத்தலில் முட்டை வாங்கியவன்.
கேள்வியை அவனுக்கு வாசித்துக்காட்ட
யாருக்கும் நேரமில்லை அன்றைக்கு.
யாருக்கும் என்றால், எனக்கு.
அவன் பேருக்குள்ளேயே கண்ணி வைத்துவிட்டார்கள்:
ண்-ணும் ணா-வும்.
மூணு சுழி, மூணு சுழி என்று எத்தனை தடவை.
சுழிக்க ஆரம்பித்தால் நிறுத்துமிடம் தெரியாது அவனுக்கு,
நாலு, அஞ்சு,
கோட்டைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டிப் போவான்.
சிவப்பு மையில் நான் போட்ட வட்டங்களும்
அவன் சுழிகளும்
தள்ளி நின்று பார்த்தால் ஒரே ஜாடை.

சிலேட்டைக் கொடுத்தார்கள். எழுதினான்.
ண்-ணுக்கு அஞ்சு சுழி.
"பிரமாதம்! அப்படியே இரு, கைய எடுக்காத தம்பி!"
மஞ்சளைத் துடைக்க ஓடிவந்த மேக்கப் பெண்ணை
இயக்குநர் தடுத்துவிட்டார்.
யாரைச் சொல்கிறார்கள் என்பதுபோல
பண்ணாரி என்னைப் பார்த்தான்.

கைக்கு ஐந்நூறு ரூபாய்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"எழுதுனதுக்குங்களா?" என்று கேட்டாள் அவன் அம்மா.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள்.

ஏழு மாசம் கழித்துக் கோபியில் பார்த்தோம்.
திரை நிறைய அவன் கை.
ஒவ்வொரு சுழியும் வண்டிச் சக்கரம் அகலத்துக்கு.
பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
முகம் மட்டும் வேறு முகம்.

இடைவேளை. முட்டை பப்ஸ்.

பிறகு அந்த டீச்சர் மணலில் எழுதவைக்கிறாள்,
களிமண்ணில் உருட்டவைக்கிறாள்,
ஒரு பாட்டு முடிவதற்குள்
மழைக்காலம் வந்து போய்விடுகிறது.
கடைசியில் கரும்பலகையில் ஒரு கை
அதே 'மண்'ணை எழுதுகிறது. மூன்றே சுழி.
தியேட்டரே கைதட்டியது.
பண்ணாரி என் காதுக்கு எக்கினான்:
"டீச்சர், அது என் கையில்லீங்க."

வெள்ளை நகம்.
அவன் சொல்லித்தான் பார்த்தேன்.
அதுவரை அழுதுகொண்டிருந்தேன்,
அதையும் எழுதிவிட வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு தட்டு மணல் கொண்டுபோனேன்.
புதன்கிழமை அதைப் பூனை எடுத்துக்கொண்டது.
பாட்டு எதுவும் வரவில்லை.
மழையும் சாயங்காலம் கொஞ்சம் தூறியதோடு சரி.

இன்றைக்கு மூன்றாவது சுழியில்
அவன் விரலைப் பிடித்துக்கொண்டேன்.
போதும் சாமி, இங்க நிறுத்து.

நிறுத்தினான்.
பென்சிலைக் கடித்தபடி கூரையைப் பார்த்தான்.

"அஞ்சு சுழிக்கு ஐந்நூறு குடுத்தாங்க,
அப்ப சுழிக்கு நூறு.
மூணோட நிறுத்துனா
எறநூறு நட்டமுங்க டீச்சர்."