ஒன்பதாம் படி

ஹெல்வே அனுப்பிய படத்தில்
மடிக்கணினித் திரை கொஞ்சம், வைக்கோல் கொஞ்சம்,
ஒரு செம்மறியின் காது.
திரையில் ஒரே வரி:
"சார்புகள் நிறைவேறவில்லை."

ஹீயுமா தீவில் அவள் கால்நடை மருத்துவர்.
சினையாட்டின் வயிற்றில் கருவியை வைத்தால்
குட்டிகளைத் திரையில் காட்டும் மென்பொருள்,
தம்பெரேயில் நான்கு பேர் எழுதியது.
எங்களுடையது அல்ல. மூலநிரலைக் காட்டமாட்டார்கள்.
கூடவே ஒரு தாள்: நிறுவுவதற்குப் பதினேழு படிகள்.
ஒன்பதாவதில் எல்லோரும் விழுகிறார்கள்.

தார்த்துவில் பனி பெய்யத் தொடங்கியிருந்தது.
தாளைப் பிடித்துக்கொண்டு
நானும் விழப் புறப்பட்டேன்.
நான்காம் படி ஒரு பழைய நிரலகம் கேட்டது.
அது தன்னைவிடப் பழைய இன்னொன்றை.
கைமாற்றுக்குக் கைமாற்று.
ஒன்பதாம் படி சொன்னது:
நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடு, ஏனென்று கேட்காதே.
யாருக்குத்தான் கொடுக்கத் தோன்றாது,
கொட்டகையில் ஆடு காத்து நிற்கையில்.

ரைவோ ஒத்துக்கொள்ளவில்லை.
"கட்டற்றது என்று பெயர் வைத்துவிட்டுப்
பூட்டிய பெட்டிக்கு நடைபாவாடை விரிக்கிறாய்."
அவன் சொன்னதில் பிழையில்லை.
பிழையில்லாத வாக்கியத்தை வைத்து
ஒரு குட்டியைக்கூட எண்ண முடியாது என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.
காப்பி இயந்திரம் மட்டும் நடுவே முனகிக்கொண்டிருந்தது.

பிறகு அவனே வந்தான்.
"வரட்டும். வீடு முழுக்க நடமாடக் கூடாது.
ஓர் அறை. ஒரு சன்னல்."

கட்டினோம்.
கருவியைப் பார்க்கலாம், தன் கோப்புகளை வைத்துக்கொள்ளலாம்;
ஹெல்வேயின் கடிதங்களுக்கோ
வங்கிக் கணக்குக்கோ அங்கிருந்து கதவில்லை.
பழைய நிரலகங்களைப் பொதிக்குள்ளேயே
கட்டுச்சோறாக முடிந்துவைத்தோம்.
வாசலில் ரைவோ எழுதிய குறிப்பு:
"இது எங்கள் நிரல் அல்ல.
உள்ளே என்ன இருக்கிறதென்று எங்களுக்கும் தெரியாது."
அதை எடுக்கச் சொல்லித் தம்பெரேயிலிருந்து இரண்டு கடிதம்.
எடுக்கவில்லை.

பதினேழு படியும் தேய்ந்து ஒரு பொத்தானாயிற்று.
அதன்மேல் எழுதிய சொல்லுக்கு
எங்கள் மொழியில் வேர், இடம்.
இடம் கொடு என்றுதான் அழுத்துகிறார்கள்,
தெரியாமலே.

ஹெல்வே குறிப்பைப் படித்திருக்கமாட்டாள்.
பிப்ரவரியில் ஒரு படம் மட்டும் வந்தது, ஒரு சொல்லும் இல்லாமல்:
விசிறிபோல் விரிந்த சாம்பல் இருட்டு.
அதில் ஒரு முதுகெலும்பு. இன்னொன்று.
ஓரத்தில், பாதி மறைந்து, மூன்றாவது.

ரைவோ திரையருகே குனிந்தான்.
அவன் ஆட்டுப்பண்ணையில் வளர்ந்தவனென்று
அன்றுவரை எனக்குத் தெரியாது.
"காம்பு இரண்டுதான்" என்றான்.
"மூன்றாவதை வேறொரு தாயிடம் விட வேண்டும்.
முதலில் முட்டித் தள்ளும்."
அப்புறம்?
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.
"பக்கத்திலேயே அடைத்துவைப்போம்.
நடுவே ஒரு தட்டி.
மோந்து பார்க்குமளவு இடைவெளி."