ஏழாவது மேக்ரோ

வாதி கபீர். வியாழன் மாலை ஆறு.
நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்
ஞாயிறு காலைக்குள்.

ஆறு மேக்ரோக்கள் ஏற்கெனவே கைவசம்.
முதலாவது, இரட்டை இடைவெளிகளைத் தின்னும்.
அடுத்தது பெயரைப் பிளக்கும்.
தேதியைத் திருப்பிப் போட ஒன்று.
ரியாலுக்குப் பின் மூன்று தசமம் வைக்க ஒன்று;
இங்கே ஆயிரம் பைசா, மறந்தால் ஆடிட்டர் வருவார்.
அரபியை வலப்பக்கம் நிறுத்துவது மாரிவிக் எழுதியது,
குறிப்பெல்லாம் தகாலோகில்.
ஆறாவது அச்சுக்கு அனுப்பும்.

வரிசை தப்பினால் போச்சு.
பிளப்பது முந்திக்கொண்டால்
வெற்றிடத்துக்கும் ஒரு குடும்பப் பெயர் கிடைத்துவிடும்.

ஆகவே ஏழாவதாக ஒன்று.
தானாக ஒரு வேலையும் செய்யாது.
மற்ற ஆறையும் பெயர் சொல்லிக் கூப்பிடும்,
ஒவ்வொன்றும் முடியக் காத்திருக்கும்.
"நம் மேலாளர் மாதிரி" என்றாள் மாரிவிக்.
"அவர் எங்கே காத்திருக்கிறார்?" என்றேன்.

ஓடவிட்டுச் சுலைமானி வாங்கப் போனேன்.
திரும்பியபோது தட்டு நிரம்பித்
தரையெல்லாம் தாள்கள்.

திங்களன்று கொளஞ்சி வந்தார்.
ஷட்டரிங் கார்பென்டர், பதினோரு வருஷம்.
நீட்டிய தாளில்
அன்புள்ள திரு. மருதமுத்து.

எங்கள் பெயர்களில் அப்பா முன்னால் நிற்பார் என்று
இரண்டாவது மேக்ரோவுக்கு நான் சொல்லவில்லை.
நானும் ஓர் எழுத்தை முன்னால்
தூக்கித் திரிபவன்தான்.

"ரெண்டு நிமிஷம், மாத்திடறேன்."
அவர் தாளை விடவில்லை.
"என்ன எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லுங்க."

சொன்னேன்:
தங்கள் உழைப்பை நிறுவனம்
நன்றியுடன் நினைவுகூர்கிறது.
திரு உட்பட.

"சர்க்கரை ஆலையில முப்பது வருஷம் மூட்டை தூக்கினாரு.
ஒரு துண்டுச் சீட்டு தந்ததில்ல அவனுங்க."
மடித்தார். மறுபடி பிரித்தார்.
"பேங்க்குக்கு என் பேர்ல ஒண்ணு போடுங்க.
இதுக்கு சீல் மட்டும்."

சீல் மேலாளரின் இழுப்பறையில்.
மேலாளர் தொழுகையில்.
நான் குத்தியதாக
இங்கே எழுத மாட்டேன்.

அன்றிரவு இரண்டாவதைத் திருத்தினேன்:
முன்னால் நிற்பவர் அப்பா என்றால் சுற்றிப் போ.
அதற்கு மேலே, ஒற்றை மேற்கோள் குறிக்குப் பின்னால்,
இயந்திரம் படிக்காத இடத்தில்,
தமிழில் ஒரு வரி.

"என்ன அது?" என்று எட்டிப் பார்த்தாள் மாரிவிக்.

உன் தகாலோகை நான் கேட்டேனா?