நாலடிக்குக் கீழே

காலை ஐந்தரைக்கு
வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறக்கிறேன்.
நாலடிக் கால்களில் நிற்கிற பெட்டி.
உள்ளே மூன்று புள்ளி நான்கு.
பேனை எழுதவில்லை.
வாயில் வைத்து ஊதிவிட்டு மறுபடி எழுதுகிறேன்.
இதுதான் கொழும்புக்குப் போகும்.
ஏழு மணிச் செய்தியில்
நுவரெலியா என்ற பேருக்குப் பிறகு
இந்த எண்ணைத்தான் வாசிப்பார்கள்.

இன்னொன்று புல்லில் கிடக்கிறது,
இரண்டு கவட்டைக் குச்சிகளில்
படுக்கவைத்த கண்ணாடிக் குழாய்.
அதை வாசிக்க நானும் படுக்கவேண்டும்.
டோர்ச் வெளிச்சத்தில்
ஒவ்வொரு புல்லும் சீனியில் புரண்டு எழுந்ததுபோல்.
மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறேன்,
என் மூச்சுக்கே அந்தக் கோடு நகர்ந்துவிடும்.
சைபருக்குக் கீழே ஒன்று புள்ளி ஆறு.
இதையும் எழுதுகிறேன், பக்கத்துப் பத்தியில்.
அந்தப் பத்தியை யாரும் கேட்பதில்லை.

குளிருக்கு எடை உண்டென்பது
இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.
காற்றில்லாத, மேகமில்லாத இரவில்
அது மேட்டிலிருந்து வழிந்து
தண்ணீரைப்போலப் பள்ளம் தேடுகிறது.
பங்களா மேட்டில் இருக்கிறது.
ஆறாம் நம்பர் மலை பள்ளத்தில்.
எங்கள் லயமும் அங்கேதான்.

மாசி பிறந்து நாலு நாள்.
மூட்டத்தையும் பனி என்கிறோம்,
இலை நுனியில் உருளுகிற துளியையும்,
கொழுந்தைச் சுட்டுவிட்டுப் போகிற இதையும்.

ரேஸ் கோர்ஸ் ஓரத்தில் வத்தளை வேன் ஒன்று.
ராத்திரி முழுக்க ஓடி வந்திருக்கிறார்கள்.
ரோசாக் கம்பளித் தொப்பி போட்ட பிள்ளை
பொனெட்டில் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தது.
"ஒண்டுமே இல்ல" என்றது தகப்பனிடம்.
அவர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறுகிறவரை தேயிலை பச்சையாகத்தான் இருந்தது.
பத்து மணிக்கு
யாரோ கொதிதண்ணி ஊற்றிவிட்டுப் போனமாதிரி.
பின்னேரம் தொட்டால் நொறுங்கியது.

தவமலர் இருட்டியபிறகு வந்தாள்.
படங்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.
உள்ளங்கையில் சீனியைக் கொட்டி
நக்கி நக்கிச் சாயத்தண்ணி குடித்தாள்.
"ஒம்பது கிலோ" என்றாள்.
"கணக்கப்பிள்ளை சொல்றாரு,
ரேடியோவுல மூணு டிகிரின்னு சொன்னானாம்,
மூணு டிகிரியில தேயிலை எப்படிக் கருகும்,
ஒழுங்கா எடுக்கல, அரைப்பேருதான்னு."
கோப்பையைக் கீழே வைத்தாள்.
"அந்த மூணு யாரு எழுதினது?"

அடுப்பில் விறகைத் தள்ளினேன்.
தள்ளவேண்டிய அவசியம் இல்லை.
"நாந்தான்" என்றேன்.

மறுநாள் மைனஸ் இரண்டு.
பக்கத்துப் பத்தியை ஒரு துண்டில் எழுதி
தேதி போட்டு, நேரம் போட்டு,
கையெழுத்தும் வைத்துக் கொடுத்தனுப்பினேன்.
முத்திரை என்னிடம் கிடையாது.
பிரட்டுக்களத்தில் திலகசீலன் அதை
தூரவும் கிட்டவும் பிடித்துப் பார்த்தாராம்.
"புல்லுக்கு வச்ச குழாயா?
அப்ப புல்லு பிடுங்குறவளுக்குக் காட்டு."
பெண்கள் சிரித்தார்களாம்.
அவளும் சிரித்ததாகச் சொன்னாள்.
துண்டு இன்னும் அவள் கொங்காணிக்குள் இருக்கிறது,
நாலாக மடித்து.

புல்லிலிருந்து எழுந்து
சட்டையைத் தட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.
மைதானம் முழுக்க வெள்ளை.
நான் கிடந்த இடம் மட்டும்
ஓர் ஆள் நீளத்துக்கு ஈரப் பச்சை.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

இன்றைக்கும் வானம் துடைத்துவிட்டாற்போல.
நட்சத்திரம் இவ்வளவு நெருங்கினால் எனக்குப் பிடிக்காது.
தவமலர் படங்கை எடுத்துப்போய்
வாசலில் உள்ள கோவாக் கன்றுகள்மேல் விரிக்கிறாள்.
நாலு மூலைக்கும் கல் தேடி வைக்கிறாள்.
"காத்து தூக்கிட்டுப் போயிரும்."

"தூக்கட்டும்" என்கிறேன்.
"காத்து வந்தா நல்லது."