இருபத்திமூன்றாவது கேள்வி

முதலில் இலகுவானவை:
வயது, பால், வதிவிடம்.
பிறகு, கடைசியாகப் பேய்ப்படம் பார்த்தது எப்போது,
திரையிலா, கைபேசியிலா,
தனியாகவா, ஆரோடுமா.
பயத்தை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்க.

டொக்யாட் வீதியில் குகதாசின் கடை.
இப்போது போன் கவர்தான் வியாபாரம்.
பின்னறையில் ஆயிரத்துச் சொச்சம் சீடி,
கொரியா, தாய்லாந்து, மலையாளம்.
அகரவரிசையில் அல்ல,
பயப்படுத்தும் வரிசையில்.
‘ஐந்து காணாது தங்கச்சி’ என்று
என் படிவத்தின் ஓரத்தில்
இன்னும் நாலு கட்டம் கீறினார்.
ஆறு: சிரிப்பு வருகிற பயம்.
ஏழு: கட்டிலால் காலைத் தொங்கவிடேலாத பயம்.
எட்டைச் சொல்லமாட்டாராம்.
ஒன்பதை இன்னும் ஒருத்தரும் படமாய் எடுக்கேல்லையாம்.

கிண்ணியாவில் ரிஸ்மினா
படமே பார்ப்பதில்லை.
முக்காட்டுக்குள் இயர்போன்,
மீன் கழுவும் நேரமெல்லாம் பேய்க்கதை.
‘படமெண்டா பேயிட முகத்த
வேற ஆரோ முடிவு செஞ்சிருவாங்க மிஸ்.
குரல் மட்டும் கேட்டா
அதுக்கு எங்கட மாமிட முகம்.’
சொல்லிவிட்டு
பதிவை நிறுத்துங்க என்றாள்.
நிறுத்தினேன். சிரித்து முடித்தோம்.

பாலையூற்றில் டிலக்சனும் கூட்டாளிகளும்
விடிய விடிய விளையாடுகிறார்கள்:
இருட்டு வீடு, நாலு பேர் ஓட
ஒருவன் பேய்.
பேயாக வருவதற்குத்தான் அங்கே அடிபாடு.
ஓடுகிறவனுக்கு ஆள் பிடிபடவில்லை.
நான் படித்த கோட்பாடுகள் எல்லாம்
ஓடுகிறவனைப் பற்றியவை.

மேற்பார்வையாளர் சிவப்பு மையில் எழுதினார்:
‘போரோடு தொடர்புபடுத்துக.
இல்லையேல் இது வெறும் பொழுதுபோக்கு.’
அப்படித்தான் சேர்ந்தது
இருபத்திமூன்றாவது கேள்வி.
அதை எழுத எனக்கு மூன்று நாள்.
மிக மென்மையான சொற்கள்.

குகதாஸ் வாசித்தார்.
படிவத்தைக் கவிழ்த்து வைத்தார்.
‘இதைக் கேட்க வேற ஆக்கள்
வேற படிவத்தோட வந்தவை.
ஆணைக்குழு வந்தது, வெள்ளைக்காரர் வந்தவை,
சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு.
பேயைப் பற்றிக் கேட்டது நீர் ஒராள்தான்.
அதையும் பறிக்காதையும்.’

அறுபத்தொரு படிவம்.
ஒருவரும் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை.
விடையில்லாத இடத்துக்கு
மென்பொருள் தொண்ணூற்றொன்பது போடச் சொன்னது.
கோணேசபுரி விடுதியில்
உப்புக்காற்று யன்னலைத் தட்டத் தட்டப் போட்டேன்,
தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றொன்பது,
கீழே இறங்கி இறங்கி.
என் அட்டவணையில் ஒரு தளம்பலும் இல்லாத நிரல்
அது ஒன்றுதான்.

அத்தியாயத்தை அச்செடுத்துக்கொண்டு
பின்னேரம் கடைக்குப் போனேன்.
குகதாஸ் கண்ணாடியைத் தேடி எடுத்தார்.
தன் பெயரை நான் மாற்றி வைத்தது பிடிக்கவில்லை:
‘ஒன்பது கட்டம் என்ட. பெயரும் என்டையாய் இருக்கட்டும்.’
பிறகு, தாளில் இருந்து தலையெடுக்காமல்,
‘நீர் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் படம் பாக்கிறனீர், என்ன?’

முறையியல் பகுதியில் அதை நான் எழுதவில்லை.
அம்மாவுக்கும் தெரியாது.

‘இருபத்திரண்டு கேள்வி கேட்டனீர்.
இருட்டைப் பற்றிக் கேட்டனீர், முகத்தைப் பற்றி, இரத்தத்தைப் பற்றி.
சத்தத்தைப் பற்றி ஒண்டுமே இல்லை.
இருபது வருசமாய்ச் சீடி குடுக்கிறன் தங்கச்சி,
ஆர் எதுக்குப் பயமெண்டு
திருப்பிக் கொண்டாற நேரத்தில தெரியும்.’

ஏன் என்று கேட்பார் என நினைத்தேன்.
அவரிடம் அந்தக் கேள்வி இல்லை.
அலுமாரியின் மேல்தட்டில்,
எட்டாவது வரிசையில் ஒன்றை உருவி
வாயால் ஊதித் துடைத்துப் போட்டார்.
ரிமோட்டை என் கையில் வைத்தார்:
பற்றரி மூடி இல்லை, சலோரேப்.

வாசலில்
பஸ் நிலையத்து மான் ஒன்று
போன் கவர் வந்த அட்டைப் பெட்டியைத்
தின்றுகொண்டு நின்றது.

திரையில் ஒருத்தி
கதவுக்கு இந்தப் பக்கம் நின்று யாரையோ கூப்பிடுகிறாள்.
வாய் அசைகிறது.
ஒரு கோடு கூட்டினேன்.